சும்மா இருப்பவர்களின் கணக்கு

பாடசாலைப் படிவங்களில் 'தந்தையின் தொழில்', 'தாயின் தொழில்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது கட்டத்தில் மீன்பிடி, வியாபாரம், சாரதி, ஆசிரியர் என்று ஏதாவது ஒன்று எழுதப்படும். இரண்டாவது கட்டத்தில் பெரும்பாலும் ஒரு சிறு கோடு இழுக்கப்படும். சிலர் 'இல்லத்தரசி' என்று எழுதுவார்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் பதில் இன்னும் சுருக்கமாக வரும்: "உம்மா வீட்டில சும்மாதான் இருக்கா."

அந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கணக்குப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். பொருளியலும் கணக்கீடும் பரீட்சை மண்டபத்துக்கு மட்டும் உரியவை அல்ல, எங்கள் தெருவுக்கும் அவற்றால் பயன் உண்டு என்று நம்புகிறேன்.

மன்னாரில் 'சும்மா' இருக்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள்? அதிகாலையில் இடியப்பம் பிழிகிறார்கள். கருவாடு காய வைக்கிறார்கள். பனையோலையில் பாயும் பெட்டியும் இழைக்கிறார்கள். தையல் இயந்திரத்தின் முன் நள்ளிரவு வரை அமர்ந்து பெருநாள் உடுப்புத் தைக்கிறார்கள். கோழி, ஆடு வளர்க்கிறார்கள். ரியூசன் கொடுக்கிறார்கள். ஊறுகாய், மிளகாய்த்தூள், பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். இவற்றுள் ஒன்றைக்கூடச் செய்யாத வீடு எங்கள் தெருவில் மிகக் குறைவு. இருந்தும் இவை எல்லாமே 'கைச்செலவுக்கு' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அண்மைக்கால அளவீடுகளின்படி, இலங்கையில் வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே ஊழியப் படையில் இருக்கிறார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் இருக்கிறார்கள். எஞ்சிய பெண்கள் அனைவரும் வேலை செய்யாதவர்கள் என்று எவராவது சொன்னால் அவர் ஒருநாள் எங்கள் தெருவில் சுபஹுக்கு முன்னர் நடந்து பார்க்க வேண்டும். கணக்கெடுக்க வரும் உத்தியோகத்தரிடமும் "சும்மாதான்" என்று சொன்னால் அவரும் அப்படித்தானே பதிந்துகொண்டு போவார்?

முதலில் கருவாட்டை எடுத்துக்கொள்வோம். பொருளியலில் 'சேர்க்கப்பட்ட பெறுமதி' என்று ஒன்று படிக்கிறோம். ஒரு பொருளை வாங்கிய விலைக்கும் அதை வேறொரு பொருளாக்கி விற்ற விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அது. கரைக்கு மீன் வந்து குவிந்த நாளில் விலை விழும். ஐஸ் வசதி இல்லாவிட்டால் மாலைக்குள் அது பழுதாகிவிடும். அந்த மீனை ஒரு பெண் வாங்கி, கீறி, குடல் அகற்றி, கழுவி, உப்பிட்டு ஓர் இரவு வைக்கிறாள். மறுநாள் முதல் வெயிலில் பரப்புகிறாள். இரண்டு மூன்று நாட்களுக்குத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். காகம் பார்க்க வேண்டும், நாய் பார்க்க வேண்டும், மன்னாருக்கே உரிய கழுதைகளையும் பார்க்க வேண்டும். வானம் கறுத்தால் ஓடிப்போய் அள்ள வேண்டும். காய்ந்து முடிந்ததும் எடை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆனால் மாலைக்குள் அழுகிப்போக இருந்த பொருள் மாதக்கணக்கில் இருக்கும் பொருளாகிவிட்டது. மன்னார்க் கடற்கரையிலிருந்து புறக்கோட்டை வரை போகக்கூடிய பொருளாகிவிட்டது. அந்தப் பெறுமதியைச் சேர்த்தது உப்பும் வெயிலும் மட்டுமல்ல, அந்தப் பெண்ணின் நேரமும் கைப்பழக்கமும் கவனமும்தான்.

பெறுமதியைச் சேர்த்தவள் அவள். ஆனால் அதன் விலையைத் தீர்மானிப்பவர் யார்? எனது முழுக் கட்டுரையும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

எங்கள் தெருவில் இடியப்பம் பிழிந்து சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்கும் ராத்தா ஒருவர் இருக்கிறார். அவருடைய அனுமதியோடு ஒருநாள் அவருடன் இருந்து கணக்கு எழுதினேன். இருநூறு இடியப்பம். கடை ஒன்றுக்குப் பத்து ரூபா கொடுக்கிறது. வரவு 2,000 ரூபா. ஐந்து கிலோ மாவுக்குச் சில்லறைக் கடையில் 1,000 ரூபா. விறகுக்கு 200. உப்பு, பை, சில்லறைச் செலவுகளுக்கு 50. மீதி 750 ரூபா. "பரவாயில்லையே, ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது" என்று தோன்றும். ஆனால் அதிகாலை மூன்றரை மணி முதல் அவர் நான்கரை மணித்தியாலம் உழைக்கிறார். அவரது மகள் பாடசாலைக்குப் புறப்படும் வரை இரண்டு மணித்தியாலம் உதவுகிறாள். மொத்தம் ஆறரை மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 115 ரூபா. மகள் அந்த இரண்டு மணித்தியாலத்தில் படித்திருக்கலாம், அல்லது தூங்கியிருக்கலாம். நாம் பாடத்தில் 'அமையச் செலவு' என்று படிப்பது அதைத்தான். இடியப்ப உரலும் தட்டும் தேய்வதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அதே கடைக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஐந்து பெண்கள் இடியப்பம் கொடுக்கிறார்கள். ஒருவர் விலை கூட்டிக் கேட்டால், "அந்த வீட்டில ஒன்பது ரூபாய்க்குத் தாறாங்க" என்று பதில் வரும். உண்மையில் அந்த வீட்டாருக்கும் இதே பதில்தான் சொல்லப்படுகிறது. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள். கல்யாண வீட்டில் ஒரே சஹனில் சாப்பிடுபவர்கள். ஆனால் விலை பேசும்போது மட்டும் ஐந்து பேரும் தனித்தனியாக நிற்கிறார்கள்.

இனி ஓர் எளிய கணக்கு. இந்த ஐந்து பேரும் சேர்ந்து மாவை மூட்டையாக மொத்த விலைக்கு வாங்கினால் கிலோவுக்கு 20 ரூபா மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 ரூபா. ஐந்து பேரும் ஒரே விலை சொல்லி இடியப்பத்துக்கு ஒரு ரூபா கூட்டிக் கேட்டால் நாளொன்றுக்கு 200 ரூபா. ஆக 750 ரூபா 1,050 ரூபா ஆகிறது. நாற்பது சதவீத அதிகரிப்பு! ஒருவர்கூட ஓர் இடியப்பத்தையேனும் கூடுதலாகப் பிழியவில்லை. ஒரு சதமும் கடன் வாங்கவில்லை. சேர்ந்து வாங்கினார்கள், சேர்ந்து பேசினார்கள். அவ்வளவுதான்.

சிறு தொழில் பெறுமதியை உருவாக்குகிறது. ஆனால் அந்தப் பெறுமதி அதை உருவாக்கியவளின் கையில் தங்க வேண்டுமானால் அவளுக்கு ஒரு சங்கம் வேண்டும். சங்கம் என்பது நிவாரணப் பொதிக்கு வரிசையில் நிற்கும் இடமல்ல. கடன் கொடுக்கும் இடம் மட்டுமும் அல்ல. தனி ஒருத்தியால் பேச முடியாத விலையைப் பேசுவதற்கான இடம் அது.

இது கற்பனையல்ல என்பதற்கு எமது அயல்நாட்டிலேயே சான்று உண்டு. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி, ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே இன்று 'லிஜ்ஜத் பப்பட்' என்ற பெயரில் பல்லாயிரம் பெண்கள் உரிமையாளர்களாக இருக்கும் நிறுவனம். அவர்களுடைய முறை எங்கள் ஊருக்கு மிகவும் பொருத்தமானது. காலையில் நிலையத்துக்கு வந்து பிசைந்த மாவைப் பெற்றுச் செல்வார்கள். வீட்டில் இருந்தபடியே அப்பளம் இட்டுக் காயவைத்து மறுநாள் கொண்டுவந்து கொடுப்பார்கள். தரம் பார்க்கப்படும், கூலி கையில் கொடுக்கப்படும். வேலை வீட்டில் நடக்கிறது. மாவு வாங்குவதும் பெயர் பதிப்பதும் விலை வைப்பதும் சந்தைக்கு அனுப்புவதும் சங்கத்தில் நடக்கின்றன. 'எங்கள் பெண்கள் வெளியே வேலைக்குப் போவதில்லை' என்று சொல்லும் குடும்பங்களும் யோசித்துப் பார்க்கக்கூடிய ஏற்பாடு இது.

அதேபோல 1972இல் அஹமதாபாத்தில் எலா பட் என்ற சட்டத்தரணி, தெருவியாபாரிகளும் வீட்டிலிருந்து தைப்பவர்களும் சுமை தூக்குபவர்களுமான பெண்களைச் சேர்த்துச் 'சேவா' என்ற தொழிற்சங்கத்தை ஆரம்பித்தார். வங்கிகள் அப்பெண்களை மதிக்கவில்லை. எனவே 1974இல் ஏறத்தாழ 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா போட்டுத் தமக்கென ஒரு வங்கியையே தொடங்கினார்கள். அவர்களுள் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் தமது பத்து ரூபா எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி எமது மண்ணுக்கு வருவோம். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் ஒரு சில நாட்களில் அகதிகளானார்கள். மன்னார்த் தீவிலிருந்து எம்மவர்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். எனது உம்மும்மாவும் அவர்களுள் ஒருவர். கடையும் வள்ளமும் காணியும் போன பிறகு ஆண்களுக்குத் தொழில் இல்லை. அந்நாட்களில் புத்தளம், கற்பிட்டி முகாம்களில் அடுப்பு எரிந்ததற்குப் பெண்களின் கைகளும் காரணம். கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனார்கள். ஓலைக் குடிசைக்குள் இருந்து அப்பமும் இடியப்பமும் விற்றார்கள். உம்மும்மா இன்றும் சின்ன வெங்காயத்தைக் கையில் எடுத்தால் அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். அந்த அறிவு எந்தப் படிவத்திலும் தொழிலாகப் பதியப்படவில்லை.

அவ்வாறு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்களுள் ஷிரீன் அப்துல் சரூர் அவர்களும் ஒருவர். 1990களின் இறுதியில் அவரும் ஏனைய பெண்களும் சேர்ந்து மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியத்தைக் கட்டியெழுப்பினார்கள். அதன் சிறப்பு, போரினால் இடம்பெயர்ந்த தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே அமைப்பில் அமர்ந்தார்கள் என்பதுதான். போர் முடிவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் இருந்த காலம் அது. பெரியவர்கள் மேசையில் அமர்ந்து சமாதானம் பேசி முறிந்துகொண்டிருந்த காலத்தில், பெண்கள் பாயில் அமர்ந்து சிறு கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் நம்பிக்கை இல்லாவிட்டால் கடன் சுழலாது. கடன் சுழன்றால் நம்பிக்கை வளரும். அந்த நம்பிக்கைக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இடமில்லை. ஆனால் இந்துக்களும் கத்தோலிக்கர்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த கிராமங்களில் வாழும் மன்னாருக்கு அதைவிடப் பெரிய முதல் வேறு எது?

சங்கத்தின் சமூகப் பெறுமதிக்கு எமது வாழ்விலிருந்தே இன்னுமோர் உதாரணம் சொல்லலாம். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தா இருக்கிறாள். தனியே தொழில் செய்பவளாயின் அந்த நான்கு மாதத்தில் வாடிக்கையாளர்கள் வேறிடம் போய்விடுவார்கள். வருமானம் மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே அது நின்றுவிடும். சங்கத்தில் இருப்பவளுக்கு அப்படியல்ல. அவள் வீட்டுக்குள் இருந்தபடி தைத்ததையோ இழைத்ததையோ வேறொருத்தி எடுத்துச்சென்று விற்றுக் கொடுப்பாள். அவளுடைய வாடிக்கையைச் சங்கம் காத்து வைத்திருக்கும். பிரசவத்திலும் நோயிலும் இதுவே நடக்கும். எந்தக் காப்புறுதிக் கம்பனியும் இடியப்பம் பிழிபவளுக்கு இப்படியொரு காப்புறுதி கொடுப்பதில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடியை எம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு ஓகஸ்ற்றில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. படகு கடலுக்குப் போனால் எண்ணெய்ச் செலவுக்கும் கட்டுப்படியாகாத நாட்கள் இருந்தன. அப்போது பல வீடுகளில் உலை கொதித்தது அந்தக் 'கைச்செலவுக் காசில்'தான். ஒரு குடும்பத்துக்கு இரண்டு வருமானம் இருப்பது ஆடம்பரமல்ல, பாதுகாப்பு என்பதை அந்த ஆண்டு எமக்குக் காட்டியது.

ஆனால் பெண்கள் குழுவாகச் சேர்வதெல்லாம் நன்மையே என்று நான் சொல்ல வரவில்லை. குழு என்ற பெயரால் பெண்களைக் கட்டிப்போட்டவர்களும் உண்டு. போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதிக் கம்பனிகள் வீடு வீடாக வந்தன. ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும், காணி உறுதியோ நகையோ தேவையில்லை, கடன் கையில் கிடைக்கும். ஒருவர் கட்டத் தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். பார்வைக்கு இதுவும் சங்கம் போலத்தான் தெரியும்.

அந்தக் கடனின் கணக்கை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். 50,000 ரூபா கடன். கிழமைக்கு 1,200 ரூபா வீதம் 52 கிழமைகள். மொத்தம் கட்டுவது 62,400 ரூபா. மேலதிகம் 12,400 ரூபா. "வருடத்துக்கு இருபத்தைந்து வீதம்கூட இல்லை" என்று சொல்லுவார்கள். ஆனால் அந்த 50,000 ரூபா வருடம் முழுவதும் எமது கையில் இருக்கவில்லையே! முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சராசரியாகப் பார்த்தால் வருடம் முழுவதும் கையில் இருந்தது அதன் அரைப்பங்குதான். ஆகவே உண்மையான வட்டி சொல்லப்பட்டதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. கணக்கீடு படித்த மகள் வீட்டில் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்னர் இதைச் சொல்லியிருப்பாள்.

ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மற்றொன்று என்று எத்தனையோ குடும்பங்கள் மூழ்கின. கடன் சேகரிப்பவர் வரும் நாளில் பெண்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்த கதைகள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். தற்கொலைகளும் நிகழ்ந்தன. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதன் பின்னரும் பிரச்சினை தீரவில்லை. 2021 மார்ச் 8ஆம் திகதி, சர்வதேச மகளிர் தினத்தில், ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கி ஐம்பது நாட்களுக்கு மேல் அமர்ந்திருந்தார்கள்.

இரண்டு குழுக்களிலும் பெண்கள் கூடுகிறார்கள். இரண்டிலும் காசு கைமாறுகிறது. வேறுபாடு எங்கே? கம்பனியின் குழுவில் விதியை எழுதியவர் வெளியே இருக்கிறார். இலாபமும் வெளியே போகிறது. ஒருத்தி விழுந்தால் மற்றவர்கள் அவளை நெருக்க வேண்டும் என்பதே அங்கு விதி. சங்கத்தில் விதியை எழுதுபவர்களும் பெண்களே. இலாபம் ஊருக்குள் நிற்கிறது. ஒருத்தி விழுந்தால் அவளைத் தூக்க வேண்டும் என்பது அங்கு விதி. எனவே ஒரு குழுவில் சேர முன்னர் உம்மாமார்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதன் விதிகளை மாற்ற எமக்கு உரிமை இருக்கிறதா?

முஸ்லிம்களாகிய எமக்கு இதில் இன்னுமொரு பொறுப்பும் உண்டு. வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்லப்படுகிறது. அது சரியே. ஆனால் வட்டியில்லாத வழி தெரியாத ஏழைப் பெண், கணவனுக்கும் தெரியாமல் வட்டிக்குக் கடன் எடுக்கிறாள். தடுப்பதோடு எமது கடமை முடிந்துவிடுமா? மாற்று வழியையும் நாமல்லவா திறந்துவிட வேண்டும்?

மாற்று வழிகள் எமது கையிலேயே இருக்கின்றன. முதலாவது, நாம் எல்லோரும் அறிந்த சீட்டு. பன்னிரண்டு பெண்கள் மாதம் 2,000 ரூபா போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு 24,000 ரூபா கிடைக்கும். கழிவும் இல்லை, வட்டியும் இல்லை. ஏலச்சீட்டாக மாறாதிருந்தால் போதும். இரண்டாவது, 'கர்ழ் ஹஸன்' எனும் அழகிய கடன். சங்கத்தின் சேமிப்பிலிருந்து முதலை மட்டும் திருப்பிக் கொடுக்கும்படி வழங்கலாம். மூன்றாவது, இலாபத்தில் பங்கு. ஒருவர் முதலிட, மற்றவர் உழைக்க, இலாபத்தைப் பேசிய விகிதப்படி பிரித்துக்கொள்ளும் முறை இது. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் மக்காவில் வணிகம் செய்த முறையும் இதுவே. தமது பொருட்களை ஷாம் தேசத்துக்குக் கொண்டுசெல்ல அவர்கள் நம்பிக்கையாளரான முஹம்மத் (ஸல்) அவர்களைத் தெரிவு செய்தார்கள். எமது வரலாற்றின் முதல் முஃமினான பெண்மணி ஒரு தொழில் முயற்சியாளர் என்பதை நாம் மேடையில் மட்டும் பேசிவிட்டுப் போகக்கூடாது.

நான்காவது ஸகாத். ரமழானில் வாசலில் வரிசையாக நிற்பவர்களுக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபா கொடுப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். அந்தக் காசு அன்றைய நோன்பு திறப்போடு முடிந்துவிடும். அடுத்த ரமழானிலும் அதே பெண் அதே வரிசையில் நிற்பாள். பத்து செல்வந்தர்கள் தமது ஸகாத்தைச் சேர்த்து, தகுதியுள்ள ஒரு பெண்ணுக்குத் தையல் இயந்திரமோ மாவரைக்கும் இயந்திரமோ வாங்கிக் கொடுத்தால், சில வருடங்களில் அவளே ஸகாத் கொடுப்பவளாகலாம். இதை நிறைவேற்றுவதற்கும் ஊரில் யார் எதைச் செய்யக்கூடியவர் என்று அறிந்த ஒரு மாதர் சங்கம் வேண்டும்.

சங்கத்துக்கு எதிராகச் சொல்லப்படும் குறைகளையும் நாம் மறைக்கத் தேவையில்லை. "சங்கம் என்றாலே சண்டை", "தலைவி பத்து வருடமாக மாறவில்லை", "பொருளாளர் காசைச் சாப்பிட்டுவிட்டார்", "உதவித் திட்டம் வந்தால் சொந்தக்காரருக்கே முதலில்" என்றெல்லாம் சொல்கிறார்கள். இவற்றில் உண்மை உண்டு. கிராமந்தோறும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. சில ஊர்களில் அது தையல் நிலையம், சுழற்சிக் கடன் என்று நன்றாக இயங்குகிறது. வேறு சில ஊர்களில் பெயர்ப்பலகையும் இறப்பர் முத்திரையும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ஆனால் இந்த நோய்க்கு மருந்து சங்கத்தைக் கைவிடுவதல்ல. கணக்கைத் திறந்து வைப்பதே மருந்து. ஒவ்வொரு கூட்டத்திலும் காசேட்டை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். வங்கியில் காசெடுக்க மூவர் கையொப்பம் இட வேண்டும். எவரும் இரண்டு வருடங்களுக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக்கூடாது. இந்த மூன்றையும் செய்ய வெளிநாட்டு நிதி எதுவும் தேவையில்லை.

தோழியரே, நாம் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. காசேடு, பேரேடு, இரட்டைப் பதிவு என்று இரண்டு வருடம் படிக்கிறோம். பரீட்சையில் வரும் கற்பனை வியாபாரிகளின் கணக்குகளை எல்லாம் சமப்படுத்துகிறோம். எமது உம்மாவின் கணக்கு மட்டும் அலுமாரிக்குள் பழைய பால்மா டின்னில் எழுதப்படாமல் கிடக்கிறது. ஒரு கொப்பி வாங்குங்கள். இன்றைய வரவு, இன்றைய செலவு, உழைத்த மணித்தியாலம் ஆகிய மூன்று நிரல்கள் போதும். ஒரு மாதம் எழுதிவிட்டு உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பொருளில் இலாபம், எதில் நட்டம், யாருக்குக் கடன் கொடுத்து வராமல் கிடக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். பிறகு பக்கத்து வீட்டுக்கும் எழுதுங்கள். ஐந்து வீட்டுக் கணக்கு ஒரே கொப்பியில் வரும் நாளில் அங்கே ஒரு சங்கத்துக்கான அத்திவாரம் போடப்பட்டுவிடும். எமது கல்லூரியின் வர்த்தக மன்றம் விடுமுறையில் ஊர்ச் சங்கங்களுக்குக் கணக்கெழுத உதவினால் அது புள்ளிக்காகச் செய்யும் செயற்றிட்டத்தைவிடப் பயனுள்ளதாகும்.

பெற்றோரே, வாப்பாமாருக்குக் குறிப்பாக ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை நடக்கும் சங்கக் கூட்டத்துக்கு உம்மா போகும் அந்த இரண்டு மணித்தியாலத்தை வீண் பேச்சு நேரமாக எண்ணாதீர்கள். அன்று சோற்றை நீங்கள் போட்டுச் சாப்பிடுங்கள், சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீனவர் சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் போவது எதற்காகவோ, அதற்காகத்தான் அவரும் போகிறார். அவர் உழைத்த காசுக்கு அவர் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம் இருக்கட்டும். அது உங்கள் கௌரவத்தைக் குறைக்காது. உங்கள் படகு கரையில் நிற்கும் நாளில் அது உங்களையும் தாங்கும்.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள். மன்னார்த் தீவின் பனைகளைப் பாருங்கள். கடற்காற்றில் தனியே நிற்பது சாயும், கூட்டமாக நிற்பது மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எமது தாய்மார் இத்தனை காலமும் தனித்தனியே நின்றே இவ்வளவு செய்திருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து நின்றால் எவ்வளவு செய்வார்கள் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும் வேலையைப் படித்த பிள்ளைகளாகிய நாம் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.